வழக்கமாகத் தங்குபவர்கள்

மே 4, திங்கள்

கத்திரி வெயில் இன்று தொடங்கியது. வீட்டுக் கணக்கெடுப்பும் இன்றே தொடங்கியது. இரண்டையும் ஒரே நாளில் வைத்த அதிகாரிக்கு வீடு வீடாக நடக்கும் வேலை இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

புது நோட்டு என்பதால் முறையாக எழுதிவைக்கிறேன். மருதையன், வயது நாற்பத்தேழு, அறிவியல் ஆசிரியர், பெரம்பலூர் மாவட்டம், வடக்குமேடு. எனக்கு ஒதுக்கியிருப்பது எங்கள் ஊரில் இரண்டு தெருவும், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கருக்கங்காடும். கூரை, சுவர், தரை, குடிநீர், விளக்கு, கழிப்பறை, அடுப்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும். முதலில் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு போனில் ஏற்றுவதாக வைத்திருக்கிறேன். போனில் ஏற்றிவிட்டால் திருத்த முடியாது.

கருக்கங்காடு என் மாமனார் ஊர். நான் கேட்டு வாங்கவில்லை. கொளஞ்சி இப்போது அங்கேதான் இருக்கிறாள். வெயிலுக்குப் பிறந்த வீட்டில் கொஞ்சம் இளைப்பாறட்டும் என்று நானே அனுப்பிவைத்தேன். அதாவது, போகிறேன் என்றாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மிக்சியையும் எடுத்துப்போயிருக்கிறாள். அங்கே மிக்சி பழுது போலிருக்கிறது.

கருக்கங்காட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வழிதான் காரணம்.

மே 6, புதன்

இன்று ஒன்பது வீடு. நம் மக்களிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது.

"வீட்டுக்குக் குழாய் இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க."

எழுதிக்கொண்டேன். "தண்ணி எப்பெப்ப வரும்?"

"நீங்க குழாயத்தான கேட்டீங்க சார்."

அடித்து எழுதினேன். அடுத்த வீட்டுக்காரரிடம் கூரை என்ன கூரை என்றால், "காத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்கிறார். போன வாரக் காற்றில் பாதி ஓடு பறந்துபோய் அந்தப் பக்கம் தார்ப்பாய் கட்டியிருக்கிறார். படிவத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். எந்தப் பாதிக்குக் கீழே படுக்கிறீர்கள் என்று கேட்டு, ஓடு என்று எழுதினேன்.

கடைசி வீடு முத்துக்கருப்பனுடையது. நல்ல கழிப்பறை, பீங்கான் பதித்தது. உள்ளே கழுத்து மட்டத்துக்கு விறகு அடுக்கி, அதன்மேல் கோழியை அடைக்கு வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொக்கிப்புழு என்பது என்ன, அது பாதம் வழியாக எப்படி உள்ளே போகிறது என்று இருபது நிமிடம் வகுப்பே எடுத்தேன். மனுஷன் கைகட்டிக் கேட்டார். முடிவில், "உங்க வூட்டுல எப்பிடிங்க சார்?" என்றார்.

வெயில் ஏறிவிட்டதால் கிளம்பிவிட்டேன்.

எங்கள் வீட்டு நிலைமை வேறு. எங்கள் கழிப்பறை பூட்டியிருப்பதற்கு அறிவியலுக்கு விரோதமில்லாத காரணம் உண்டு. அது ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் கட்டப்பட்டுவிட்டது. எனக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வு ஆறு வருஷமாகத் தள்ளிப்போவது அதனால்தான் என்று தை மாதம் வைரப்பெருமாள் வந்து பார்த்துச் சொன்னார். அவர் முன்பு தேங்காயை உள்ளங்கையில் வைத்து போர்வெல்லுக்கு இடம் காட்டியவர். இப்போது வாஸ்து பார்க்கிறார். "கொழாய்ல தண்ணி வரலைன்னா ஊரே கேக்கும். வாஸ்துல வரலைன்னா யாரு கேப்பா, அதான் மாறிட்டாரு" என்பாள் கொளஞ்சி. அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

அவர் சொல்படி மூன்று வேலை செய்தேன். கழிப்பறையைப் பூட்டிச் சாவியை மஞ்சள் துணியில் முடிந்து கோயில் உண்டியலில் போட்டேன். ஈசானியத்தில் பாரம் கூடாது என்பதால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கீழே இறக்கினேன். அடுப்பை அக்னி மூலைக்கு மாற்றினேன். எங்கள் வீட்டில் அக்னி மூலை என்பது கூடத்தில் டிவிக்குக் கீழே. சோறு வேகும்போது ஆவி படிந்து, செய்தி வாசிக்கிறவர்கள் எல்லாரும் அழுதுகொண்டே வாசிப்பதுபோல் இருக்கிறது. அது ஒன்றுதான் குறை.

வாயு மூலையில் புதுக் கழிப்பறை ஆவணியில் கட்டலாம் என்று நாள் குறித்திருக்கிறார். அதுவரை நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. காலை நடை உடம்புக்கு நல்லது.

மே 8, வெள்ளி

எங்கள் தெரு. பக்கத்து வீட்டு அமுதவல்லி தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். சரசரவென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். சுவர் செங்கல். தரை சிமென்ட். அடுப்பு கேஸ்.

"கழிப்பறை உங்களுக்கு மட்டுமா, வேற வீட்டுக்காரங்களும் வர்றாங்களா?"

கொஞ்சம் யோசித்தாள். "உள்ளதச் சொல்லணுமா சார்?"

"உள்ளதத்தான் சொல்லணும்."

"அப்ப பொதுன்னு எழுதிக்கங்க. நாங்க நாலு பேரு. அப்பறம் கொளஞ்சி அக்கா."

எந்தக் கொளஞ்சி என்று கேட்டேன். எங்கள் தெருவில் ஒரே கொளஞ்சிதான்.

"தை மாசத்துலேருந்து சார். விடியறதுக்குள்ள ஒரு தடவ, நீங்க பள்ளிக்கூடம் கெளம்புனப்பறம் ஒரு தடவ. வாளியில தண்ணியும் அதுவே தூக்கிக்கிட்டு வந்துரும். எங்க தண்ணிய ஒரு சொட்டு தொட்டதில்ல."

"எங்கிட்ட சொல்லவேயில்லையே."

"சொல்ல வேணாம்னுதான் சத்தியம் வாங்கிச்சு. வாத்தியார் சம்சாரம் வாளியோட திரியுதுன்னு ஊரு பேசுனா உங்களுக்குக் கேவலமாம். இப்ப கவர்மெண்டு கேக்குது, அதனால சொல்றேன்."

பொது என்று எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டது. தை மாதத்திலிருந்து அவள் எங்கே போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை. எனக்குப் பள்ளிக்கூடச் சாவி இருந்தது, அதோடு என் சிந்தனை முடிந்துவிட்டது.

மே 9, சனி

எட்டு வீடு. மத்தியானம் கொளஞ்சிக்குப் போன் செய்தேன். தண்ணீரோடு வாளி ரொம்பக் கனமா என்று கேட்டேன். எந்த வாளி என்றாள். வைத்துவிட்டேன்.

மே 11, திங்கள்

இன்று வைரப்பெருமாள் வீடு. நானே எதிர்பார்த்துக்கொண்டிருந்த வீடு. முன்மாதிரி வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. பள்ளி ஆய்வகத்துத் திசைகாட்டியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கழிப்பறை எங்கே என்றேன். கையைக் காட்டினார். திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். முள் நகரவில்லை. சுத்தமான வடகிழக்கு. அதற்கு நேர் மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி.

"வைரம், இது ஈசானியம்."

"ஆமாங்க சார்."

"ஒண்ணும் ஆகலையா?"

"எப்பிடி ஆவும்? வீடு எங்கூட்டுக்காரி பேர்ல இருக்குது. தோசம் பட்டாவப் பாத்துதான் புடிக்கும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "எனக்கு மூட்டு வலி எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எனக்கு மோர் ஊற்றினார்.

வரும் வழியில் எங்கள் வீட்டுப் பட்டாவையும் கொளஞ்சி பெயருக்கு மாற்றிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. நன்றாகத்தான் இருந்தது. வேப்பமரம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டவள்.

மே 12, செவ்வாய்

வடக்குமேட்டில் பாக்கி ஒரே வீடு. என்னுடையது. கேள்வி கேட்பவனும் நானே, பதில் சொல்பவனும் நானே. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

கழிப்பறை: உண்டு. குழாய்த் தண்ணீர்: உண்டு. தனிச் சமையலறை: உண்டு. எல்லாம் இருக்கத்தானே செய்கிறது.

வழக்கமாகத் தங்குபவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மகள் திருச்சியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவள் விடுதிக் கணக்கில் போய்விடுவாள். இரண்டு என்று எழுதினேன். பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆறு மாதமாக இருப்பவர், அல்லது இனி ஆறு மாதம் இருக்கும் எண்ணம் உள்ளவர் என்று இருக்கிறது. எண்ணம் உள்ளவர் என்பதை இரண்டு முறை படித்தேன். பேனாவால் எழுதியதை அடித்துவிட்டுப் பென்சிலால் இரண்டு என்று எழுதிவைத்தேன்.

போனில் ஏற்றவில்லை. சிக்னல் சரியில்லை.

மே 14, வியாழன்

கருக்கங்காடு. பதினாறு வீட்டையும் முடித்துவிட்டுத்தான் மாமனார் வீட்டுக்குள் நுழைந்தேன். சலவை செய்த சட்டை போட்டுப் போயிருந்தேன்.

மாமனார் அங்கமுத்து கட்டிலில் இருந்து எழுந்து, "வாங்க மாப்ள. விருந்துக்கா, வேலைக்கா?" என்றார்.

"வேலைக்கு, மாமா."

"அப்ப அட்டையக் காட்டுங்க."

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "ஆளு எளச்சுப்போயிட்டாப்ல" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளே மிக்சி மட்டும் ஓடியது.

கூரை, சுவர், தரை எல்லாம் ஆயிற்று. கழிப்பறையைக் கேட்டதும் மாமனார் எழுந்து என்னை அழைத்துப்போய்க் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, குழாயைத் திறந்து, தண்ணீர் விழுவதைக் காட்டி, மூடினார். என் கல்யாணத்துக்கு அவர் போட்ட சீரைக்கூட இப்படி ஒவ்வொன்றாகக் காட்டவில்லை.

"வழக்கமாகத் தங்குறவங்க எத்தன பேருங்க மாமா?"

"நானு, எங்கூட்டுக்காரி, மவன், மருமவ. அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காதீங்க. வந்து சொல்லும்மா."

கொளஞ்சி கையைத் துடைத்துக்கொண்டே வந்து தூணோரம் நின்றாள். நன்றாக இருந்தாள். அது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

"கேளுங்க" என்றாள்.

புத்தகத்தில் உள்ளபடியே படித்தேன். "இனி ஆறு மாதம் இந்த வீட்டில் தங்கும் எண்ணம் உண்டா?"

"பதில நீங்க சொல்லிக்குடுக்கக் கூடாதுல்ல?"

"கூடாது."

"அப்ப மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கீங்க?"

முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"நம்ம வூட்டுக்கு எழுதிட்டீங்களா? அந்தத் தாளக் குடுங்க" என்றாள். கணக்கெடுப்புத் தாளை அடுத்தவரிடம் காட்டக் கூடாது என்பது விதி. கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தாள்.

"கழிப்பறை உண்டு."

"இருக்குதே, கொளஞ்சி."

"கேள்வியப் படிங்க."

படித்தேன். வீட்டில் உள்ளவர்கள் பயன்படுத்தும் கழிப்பறை என்று இருந்தது.

"நீங்க பயன்படுத்துறீங்களா?"

"இல்ல."

"நானு?"

"அமுதவல்லி வூட்ல." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பிறகு அடுத்த வரிக்குப் போனாள். "தனிச் சமையலறை உண்டு. அங்க என்னா இருக்குது?"

"என் சைக்கிள்."

மாமனார் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல் அது.

"கொழாய்த் தண்ணி உண்டு. ரெண்டு பேரு. அது பென்சில்ல" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "முத்துக்கருப்பனுக்குக் கொக்கிப்புழு பத்தி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தீங்களாமே. கருக்கங்காடு வரைக்கும் வந்துச்சு சேதி."

"இருபது நிமிசந்தான்."

"இங்க என்னைய எழுதாதீங்க" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. "அப்ப அங்க எழுதிக்கட்டுமா?"

"அங்கயும் எழுதாதீங்க. கணக்கெடுக்க வர்றவங்க வூட்டப் பாத்துட்டுத்தான எழுதணும்? நானும் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். திங்கக்கெழம வர்றேன்."

மாமனார் வீட்டில் நான்கு பேர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு கேள்விக்குள் ஒரு மனுஷனை இப்படி உரித்துத் தொங்கவிடலாம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தரவில்லை.

மே 15, வெள்ளி

ஆக, இன்றைய தேதிக்கு என் மனைவி இந்தியாவில் எங்குமே வசிக்கவில்லை.

மே 16, சனி

பதவி உயர்வுப் பட்டியல் எந்த நேரமும் வரலாம் என்று மேற்பார்வையாளர் பரிமளம் டீச்சர் காலையில் செய்தி அனுப்பியிருந்தார். உடனே வைரப்பெருமாளுக்குப் போன் செய்தேன். பூட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஒடச்சீங்கன்னா பட்டியல்லேருந்து உங்க பேரு தானா அழிஞ்சிரும் சார். ஆவணி வரைக்கும் பொறுங்க."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு கழிப்பறை முன்னால் போய் நின்றேன். அரை மணி நேரம் நின்றேன். ஆறு வருஷம் காத்திருந்த பதவி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து மணியடிக்கச் சொல்வதுபோல் கனவுகூட வந்திருக்கிறது. பொய் சொல்வானேன், ஓங்க மனசே வரவில்லை. பிறகு கொளஞ்சி பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. என் பெயரும் இல்லாமல் போகட்டும் என்று ஓங்கிப் போட்டேன்.

முதல் அடியில் பூட்டு அசையவில்லை. இரண்டாவது அடியில் கடப்பாரை என் பெருவிரலில் விழுந்தது. மூன்றாவது அடியில் பூட்டு அப்படியே இருக்க, கதவு கழன்று வந்தது.

உள்ளே நான்கு மாதமாகக் குடியிருந்த குளவிகள் வெளியே வந்தன. மூக்கில் இரண்டு, நெற்றியில் ஒன்று. கத்தல் கேட்டு அமுதவல்லியும் அவள் வீட்டுக்காரர் ரெங்கராசும் ஓடிவந்தார்கள். ரெங்கராசு தீப்பந்தம் கொளுத்தி மற்றவற்றை விரட்டினார். அமுதவல்லி சுண்ணாம்பு தடவிவிட்டுக் கூட்டை எட்டிப் பார்த்தாள். "வூட்டுல குளவி கூடு கட்டுனா விசேசம்னு சொல்லுவாங்க சார்" என்றாள். இந்த வயசிலா என்றேன். "வூட்ல ஆளே இல்லாம எப்படி விசேசம் வரும்னுதான் நானும் யோசிக்கிறேன்" என்று சிரித்தாள்.

சாயங்காலம் ரெங்கராசும் முத்துக்கருப்பனுமாகத் தொட்டியை மாடிக்கு ஏற்றினார்கள். முத்துக்கருப்பன் தானாகவேதான் வந்தார். கயிற்றை இழுத்துக்கொண்டே, "அந்தப் புழு பாதம் வழியா ஏறி அப்பறம் எங்க போவும்னு அன்னிக்கிச் சொன்னீங்களே சார்" என்று முழுக் கதையையும் திரும்பச் சொல்லவைத்தார். எனக்கு மூக்கு வழியாகப் பேச்சு வந்தது. ஆனாலும் சொன்னேன்.

மே 17, ஞாயிறு

கழிப்பறையை மூன்று முறை கழுவினேன். கதவுக்கு ஆசாரி வந்து புதுக் கீல் போட்டார். அடுப்பைச் சமையலறைக்குக் கொண்டுபோனேன், சைக்கிளை வெளியே கொண்டுவந்தேன். டிவியைத் துடைத்தேன். செய்தி வாசிக்கிற பெண் இவ்வளவு சிரித்த முகம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மே 18, திங்கள்

பத்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் சின்னப் பர்ஸ் மட்டும். பையில்லை, மிக்சியில்லை. சாயங்கால பஸ்ஸுக்கே திரும்புகிறவள்தான் இப்படி வருவாள்.

வாசலில் நின்று என் மூக்கைப் பார்த்தாள். "இது என்னாது?"

"குளவி."

"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் தாளும் அட்டையுமாகப் பின்னாலேயே போனேன். சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்து அணைத்தாள். மேடையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். கொல்லைப்பக்கம் வந்து மொட்டைமாடித் தொட்டியை அண்ணாந்து பார்த்தாள். எந்த இடத்திலும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளி ஆய்வாளர்களைப் பார்த்து நான் இவ்வளவு நடுங்கியதில்லை.

கழிப்பறைக் கதவைத் தொட்டாள். "ஈசானியம்" என்றாள்.

"ஆமா."

"பதவி?"

"போனாப் போவுது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே காத்திருந்தேன். கணக்கெடுப்பாளர் கழிப்பறை வாசலில் நிற்கக் கூடாது என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. போன் ஒலித்தது. பரிமளம் டீச்சரிடமிருந்து செய்தி, பட்டியல் வந்துவிட்டதாம். திறக்காமல் சட்டைப்பையில் போட்டேன். இப்போது எனக்கு வேண்டிய செய்தி அதில் இல்லை.

உள்ளே குழாய் திறந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு வாளி நிரம்பி வழிந்திருக்கும். இன்னும் விழுந்தது. அவள் சும்மா திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மூன்று மாதம் அவள் வாளியோடு அடுத்த வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தாள்.

"கொளஞ்சி."

"என்னா."

"கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்க."

தாளைப் பிரித்துப் படித்தேன். "இந்த வீட்டில் வழக்கமாகத் தங்குபவர்கள் எத்தனை பேர்?"

தண்ணீர் நின்றது.

"நீங்க இருக்கீங்களா?" என்றாள் உள்ளேயிருந்து.

"இருக்கேன்."

"அப்ப ரெண்டு."

பேனாவால் எழுதினேன். அங்கேயே நின்று போனிலும் ஏற்றினேன். அதற்குப் பிறகும் அவள் கால் மணி நேரம் வெளியே வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை.